கேஷ்: சீனக் காசுக்கு ஒரு தமிழ்ப் பெயர்

‘கேஷ்’ என்னும் ஆங்கிலச் சொல்லைச் சீன மாணவர் தொடக்க வகுப்பிலேயே படித்துவிடுகிறார். அகராதியில் அதற்கு எதிரே ‘ஷியன்ஜின்’ என்றிருக்கும். ரொக்கம் என்று பொருள். அதற்குப் பன்மை கிடையாது, முன்னால் எண் போடவும் கூடாது என்பது பாடம். பிறகு அவரே தம் நாட்டு வரலாற்றை ஆங்கிலத்தில் படிக்கப் புகும்போது ‘பத்து கேஷ்’, ‘ஆயிரம் கேஷ்’ என்று பக்கத்துக்குப் பக்கம் வரும். படித்த இலக்கணம் பொய்த்துவிட்டதோ என்று தோன்றும். பொய்க்கவில்லை. எழுத்திலும் ஒலியிலும் ஒன்றாகிவிட்ட இரண்டு வேறு சொற்கள் அவை.

ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ், பெட்டி என்று பொருள்படும் ‘காப்சா’ என்ற லத்தீன் சொல்லின் வழிவந்தது. இத்தாலியத்தில் அது ‘காஸ்ஸா’. ஆங்கிலத்துக்கு 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்தபோது பணப்பெட்டியையும் குறித்தது. நாளடைவில் பெட்டி மறைந்து உள்ளிருந்த பணம் மட்டும் பொருளாக நின்றது. பெட்டியைப் பார்த்துக்கொள்பவர் காஷியர். இந்தக் கேஷும் நம் காசுதான் என்று தமிழர்கள் சொல்வதுண்டு. ஒலி அப்படி நினைக்க வைக்கிறது. சான்று பெட்டியின் பக்கமே இருக்கிறது. தமிழுக்கு உரிமையுள்ளது இரண்டாவது கேஷ், அதாவது நடுவில் சதுர ஓட்டை கொண்ட சீன நாணயம்.

சீனர்கள் அதைக் கேஷ் என்று சொன்னதில்லை. நாணயம் ‘சியன்’, எண்ணும்போது ‘வென்’. வட்டக் காசில் சதுர ஓட்டை என்ற வடிவத்தை நாடு முழுவதற்கும் பொதுவாக்கியவர் பொ.ஆ.மு. 221இல் சீனாவை ஒன்றாக்கிய சின் பேரரசர். அன்று தொடங்கி இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேல் அந்த வடிவம் மாறவில்லை. இந்தக் காசு அச்சில் அடிக்கப்பட்டதன்று, வார்க்கப்பட்டது. மணல் அச்சில் ஒரு தண்டுவாய்க்காலும் இருபுறமும் வட்டக் குழிகளும் இருக்கும். உருக்கிய உலோகத்தை ஊற்றி ஆறவிட்டு எடுத்தால், கிளைதோறும் காசு காய்த்த ஒரு சிறு மரம் கையில் வரும். காசுகளை ஒடித்து எடுத்து, சதுரக் கம்பி ஒன்றில் கோத்து, விளிம்பை மொத்தமாக அரத்தால் ராவுவார்கள். ஓட்டை வட்டமாக இருந்தால் காசு கம்பியைச் சுற்றிச் சுழலும், அரம் பிடிக்காது. சதுர ஓட்டையின் பயன் இதுதான். அதே ஓட்டையில் கயிறு கோத்து ஆயிரம் காசை ஒரு சரம் என்று கணக்கிட்டார்கள்.

இந்தச் சரங்கள் தமிழகத்துக்கும் வந்திருக்கின்றன. 1077இல் சோழ நாட்டிலிருந்து சென்ற 72 பேர் கொண்ட தூதுக்குழுவுக்கு 81,800 சரம் செப்புக்காசு கொடுக்கப்பட்டதாகச் சோங் அரசமரபின் வரலாற்று நூல் குறிக்கிறது. பழைய தஞ்சை மாவட்டத்தில் சீனக் காசுகள் புதையலாகவே கிடைத்துள்ளன. அந்தக் காலத்துச் சோழர் கல்வெட்டுகளில் ‘காசு’ என்பது பெரும்பாலும் பொன் நாணயம். வெண்பாவின் ஈற்றுச்சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று வாய்பாடு சொல்லும் அளவுக்கு அது தமிழில் புழங்கிய சொல். பிற்காலத்தில்தான் அது தேய்ந்து சில்லறைச் செம்பின் பெயராயிற்று.

தேய்ந்த அந்தப் பொருளில்தான் போர்த்துக்கீசியர் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் வாயில் அது ‘காய்ஷா’ ஆனது. அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதே ‘காய்ஷா’தான், ஆக, இரண்டு சொற்களும் அங்கேயே உரசிக்கொண்டன. 1511இல் மலாக்காவைப் பிடித்த பிறகு, அந்தக் கடல்களில் கண்ட மலிவான நாணயங்களையெல்லாம், சீனக் காசு உட்பட, அவர்கள் இந்தப் பெயராலேயே அழைத்தார்கள். அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு வந்தபோது அது கேஷ்.

சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று கணக்கு வைத்திருந்தது. 1808ஆம் ஆண்டிட்ட அதன் இருபது காசு நாணயத்தின் ஒரு பக்கம் கம்பெனியின் சின்னத்தில் சிங்கங்கள் நிற்கும். மறுபக்கம், இருபது காசு நான்கு பலூஸ் என்று பாரசீகத்தில் எழுதியிருக்கும். இங்கிலாந்தில் அடித்த அந்தக் காசுகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல், 1809 ஜனவரியில் ஆங்கிலக் கரையோரத்துக் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. சென்னைக்கு வந்து சேராத அந்தக் காசுகளை 1980களில் கடலடியிலிருந்து எடுத்தார்கள்.

சீனாவில் 1757 முதல் 1842 வரை மேலை நாட்டுக் கப்பல் வணிகத்துக்குத் திறந்திருந்த துறைமுகம் காண்டன் ஒன்றே. அங்கே உருவான கலப்பு ஆங்கிலத்தில், சீனப் பொருள்களுக்கே சீனமல்லாத பெயர்கள் நிறைந்தன. எடைக்குச் சொன்ன ‘டேல்’, ‘காட்டி’, ‘பிக்குல்’ மூன்றும் மலாய். அதிகாரியைக் குறித்த ‘மாண்டரின்’ நம் மந்திரிதான். வடமொழியிலிருந்து மலாய்க்கும் அங்கிருந்து போர்த்துக்கீசியத்துக்கும் போன சொல். காண்டன் வணிகர் தம் இடுப்பில் கிடந்த காசுக்கே அந்நியப் பெயர் கற்க வேண்டியிருந்தது. ஆங்கில ஒலியைச் சீன எழுத்தால் குறித்த சின்னஞ்சிறு சொற்பட்டியல் புத்தகங்கள் அவர்களுக்காகவே விற்கப்பட்டன. அந்த வரிசையில் முழுமையான முயற்சி, தாங் திங்ஷு 1862இல் ஆறு தொகுதிகளாக வெளியிட்ட ‘யிங்யூ ஜிசுவான்’. வணிகத் தரகராக வாழ்ந்தவர் என்பதால் கடைத்தெருவில் என்ன சொல் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

மாணவரின் இலக்கணக் குழப்பத்துக்குத் திரும்பினால், சீனர்கள் சொன்ன ‘வென்’னும் கேஷைப் போல எண்ணோடு வருவது. சீனத்தில் அதற்குப் பன்மை உருபு இல்லை. ஆங்கிலத்திலும் இந்தக் கேஷ் ஒன்றானாலும் ஆயிரமானாலும் உரு மாறுவதில்லை. எண் முன்னால் வந்தால் நாணயம், வராவிட்டால் ரொக்கம் என்று மாணவர் பிரித்துக்கொள்ளலாம்.

சீனாவில் சதுர ஓட்டைக் காசு வார்ப்பது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடியரசு வந்ததோடு முடிந்தது. காசு என்ற பெயரோ இந்தியாவில் அதன் பிறகும் நாணயக் கணக்கில் வாழ்ந்தது: திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய் என்ற கணக்கு 1949 வரை இருந்தது.