திருச்சியில் இறங்கும் டாலர்: அரங்கன் ஊரும் அயல்நாட்டுச் செலுத்துநிலையும்

1. கணக்கின் எல்லை

2023-24 நிதியாண்டில் இந்தியாவின் சரக்கு வணிகப் பற்றாக்குறை ஏறத்தாழ 24,000 கோடி டாலர். ஆயினும் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை நாட்டின் மொத்த உற்பத்தியில் ஒரு விழுக்காட்டுக்கும் கீழேதான் நின்றது. 16,000 கோடி டாலருக்கு மேற்பட்ட சேவை உபரியும், வெளிநாட்டில் உழைப்பவர்கள் வீட்டுக்கு அனுப்பிய பணமும் அதைத் தாங்கிப் பிடித்தன. அந்த உபரியில் பெரும்பங்கு மென்பொருளுடையது. சுற்றுலாவின் பங்கு சிறிது. ஆனால் திருச்சியில் அது கடைத்தெரு வரை வந்து சேர்கிறது.

2. யார் அயலார்?

வைகுண்ட ஏகாதசியன்று பரமபத வாசல் திறக்கும்போது ஸ்ரீரங்கத்தில் லட்சக்கணக்கானோர் திரள்கிறார்கள். ஊர் வணிகர்களுக்கு அது அறுவடை நாள். ஆனால் விஜயவாடாவிலிருந்து வந்தவர் எவ்வளவு செலவழித்தாலும், அயல்நாடுகளோடு நாம் வைத்திருக்கும் வரவு-செலவுக் கணக்கான செலுத்துநிலையில் அது ஏறாது.

இந்தக் கணக்கு கடவுச்சீட்டைப் பார்ப்பதில்லை, குடியிருப்பைப் பார்க்கிறது. ஓராண்டுக்கு மேல் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் லால்குடிக்காரர், இந்தியக் குடிமகனாகவே இருந்தாலும், இங்கே அயலார். விடுமுறையில் வந்து அவர் கொடுக்கும் அறை வாடகையும், திருச்சிக் கடைத்தெருவான என்.எஸ்.பி. ரோட்டில் தங்கைக்கு எடுக்கும் பட்டுப்புடவையும் ‘பயணம்’ என்ற சேவை ஏற்றுமதியில் சேரும். மாதாமாதம் அம்மாவுக்கு அனுப்புவது மாற்றுப்பணம். கோயில் உண்டியலில் அவர் போடும் பத்து வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தாள்? அதற்கு ஈடாக அவர் எதையும் வாங்கவில்லை. ஆகவே அதுவும் மாற்றுப்பணமே. உண்டியல் எண்ணும் நாளில் ரூபாய், பொன், வெள்ளியோடு வெளிநாட்டுத் தாள்களையும் தனியே எண்ணிச் சொல்கிறார்கள்.

வெளிநாட்டுப் பயணிகளின் வருகை எண்ணிக்கையை மட்டும் வைத்து எழுதப்படும் ஆய்வுகளில் இந்த லால்குடிக்காரர் இடம்பெறுவதில்லை. வேறு ஊருக்கு இது சிறு குறையாக இருக்கலாம். கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் தலைமுறை தலைமுறையாகப் போய்வரும் திருச்சி வட்டாரத்துக்கு இது பெரும்பிழை என்பேன்.

3. கசிவு

அந்த லால்குடிக்காரர் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் வந்தால் கட்டணமும் நமக்கு ஏற்றுமதி. சிங்கப்பூர் நிறுவனமான ஸ்கூட்டில் வந்தால் அந்தப் பணம் நம் ஏட்டிலேயே பதிவாகாது. எந்த நாட்டு விமானத்தில் வருகிறார் என்பது, எங்கே தங்குகிறார் என்பதற்கு இணையான கேள்வி.

4. புறப்பாடு

2024 ஜனவரி 2 அன்று திறந்துவைக்கப்பட்ட திருச்சி விமான நிலையப் புதிய முனையத்துக்கு வருகைக் கூடம் ஒன்றுதானா? புறப்பாட்டுக் கூடமும் உண்டு. 2023 டிசம்பர் முதல் மலேசியா இந்தியர்களுக்கு விசா கேட்பதில்லை. உறையூர்க் குடும்பம் ஒன்று பத்துமலை முருகனைப் பார்க்கப் போனால், அங்கே கொடுக்கும் அறை வாடகை நம் கணக்கில் செலவுப் பத்தியில் சேரும். இந்தியர்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப இடமளிக்கும் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தின் கீழ் 2023-24இல் இந்தியர் பயணத்துக்கென்று மட்டும் வெளியே கொண்டுபோனது ஏறத்தாழ 1,700 கோடி டாலர்.