பதவியேற்ற கையோடு கைது

சியரா லியோன் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது 1961 ஏப்ரல் 27இல். ஆறு ஆண்டுகள் நிறைவதற்குள், 1967 மார்ச்சில் நடந்த பொதுத்தேர்தல் நாட்டையே இழுபறியில் நிறுத்தியது.

ஆளும் சியரா லியோன் மக்கள் கட்சியின் தலைவர் ஆல்பர்ட் மார்கை. 1964இல் அண்ணன் மில்டன் மார்கை மறைந்ததும் பிரதமரானவர். ஒரே கட்சி ஆட்சியைக் கொண்டுவர முயன்று பலரது வெறுப்பைச் சம்பாதித்திருந்தார். எதிரே நின்றவர் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தில் வளர்ந்த சியாக்கா ஸ்டீவன்ஸ். அவரது அனைத்து மக்கள் காங்கிரசுக்கு வடக்கிலும் தலைநகர் ஃப்ரீடவுனிலும் வாக்குகள் குவிந்தன. ஆளுங்கட்சியின் கோட்டை தெற்கு.

எண்ணி முடித்தபோது எதிர்க்கட்சி சிறிதளவே முந்தியிருந்தது. மார்ச் 21 அன்று தலைமை ஆளுநர் ஹென்றி லைட்ஃபூட் பாஸ்டன் ஸ்டீவன்சுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார்.

அன்றே கைது!

நாடாளுமன்றத்தில் பாரம்பரியத் தலைவர்களுக்கான இடங்கள் நிரம்பும் முன்பே பிரதமரை நியமித்தது செல்லாது என்று கூறிக் கைது செய்தவர் ராணுவத் தளபதி டேவிட் லான்சானா. இரண்டே நாளில் லான்சானாவை அவருக்குக் கீழிருந்த அதிகாரிகளே கவிழ்த்து, ராணுவ ஆட்சியை அமைத்தனர். ஸ்டீவன்ஸ் அண்டை நாடான கினியில் தஞ்சம் புகுந்தார்.

1968 ஏப்ரலில் கீழ்நிலைப் படைவீரர்கள் அந்த ராணுவ ஆட்சியை வீழ்த்த, ஸ்டீவன்ஸ் மீண்டும் பிரதமரானார். மார்கையால் முடியாத ஒரே கட்சி ஆட்சியை 1978இல் சட்டமாக்கியவரும் அவர்தான்.