இருபத்தேழில் போன செங்கோட்டைக்காரர்

ஓசூர் சிப்காட்டில் கறுப்பு டீ-சர்ட் போட்ட டிரெய்னிப் பையன்களுக்குப் பஞ்சமே இல்லை. ஒருவன் நெஞ்சில் கர்ட் கோபேன், இன்னொருவன் முதுகில் மெட்டாலிகா. அத்திப்பள்ளியைத் தாண்டினால் பெங்களூர்தானே. அங்கே அரண்மனை மைதானத்துக்கு 2003இல் ரோலிங் ஸ்டோன்ஸ் வந்தது, 2007இல் அயர்ன் மெய்டன், 2011இல் மெட்டாலிகா. ஷிஃப்டை மாற்றிக்கொண்டு பைக்கில் போய்க் கேட்டுவிட்டு, மறுநாள் சிவந்த கண்ணோடு மெஷின் முன்னால் நின்ற பையன்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேன்டீனில் அவர்களுக்கு அலுக்காத கதை ‘27 கிளப்’. ரோலிங் ஸ்டோன்ஸைத் தொடங்கிய பிரையன் ஜோன்ஸ் 1969 ஜூலை 3ஆம் தேதி தன் வீட்டு நீச்சல் குளத்தில் பிணமாகக் கிடந்தார். 1970 செப்டம்பரில் லண்டனில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ், தூக்க மாத்திரை. அடுத்த மாதமே லாஸ் ஏஞ்சலஸ் ஓட்டலில் ஜானிஸ் ஜாப்ளின், ஹெராயின். ஜோன்ஸ் செத்து சரியாக இரண்டு வருஷம் கழித்து, அதே ஜூலை 3ஆம் தேதி, பாரிஸில் குளியல் தொட்டியில் ஜிம் மோரிசன். பிரேதப் பரிசோதனைகூட நடக்கவில்லை. பிறகு 1994இல் கோபேன், 2011இல் ஏமி வைன்ஹவுஸ். எல்லோருக்கும் வயது 27. பட்டியலின் முதல் ஆளாகப் பையன்கள் சொல்வது 1938இல் இறந்த ராபர்ட் ஜான்சன் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பாடகரை.

நான் கொடுமுடிப் பக்கத்து ஆள். வேலை தேடி ஓசூருக்கு வந்து லேத்தில் நின்றே தலை நரைத்தவன். எங்கள் ஊர்க்காரனுக்கு இந்தக் கதையைக் கேட்டால் வேறொரு பெயர்தான் வாயில் வரும்: நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா. செங்கோட்டையில் பிறந்தது 1906 ஆகஸ்ட் 25, இறந்தது 1933 டிசம்பர் 2. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ராபர்ட் ஜான்சனுக்கு ஐந்து வருஷம் முந்தியவர் நம் ஆள்.

சின்ன வயதிலேயே அண்ணன்மாரோடு மேடை ஏறியவர் கிட்டப்பா. சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகக் கம்பெனியில் பாடம். பாய்ஸ் கம்பெனிகளில் பையன்களுக்குப் பெரிய பயம் மகரக்கட்டு. தொண்டை உடைகிற வயது வந்தால், நேற்றுவரை கைதட்டல் வாங்கியவன் இன்று கூட்டத்தில் ஒருவனாக நிற்பான். கிட்டப்பாவின் குரல் அதையும் தாண்டி நின்றது. கன்னையா கம்பெனியின் ‘தசாவதாரம்’ அவரை ஊரெல்லாம் கொண்டுபோனது. மைக் கிடையாது. மேடை ஓரத்தில் அண்ணன் காசி ஐயர் ஹார்மோனியம் பிடிப்பார். உச்ச சுருதியில் தம்பி எடுத்தால் கடைசித் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் சொல் சொல்லாக விழ வேண்டும். ‘ஒன்ஸ்மோர்’ என்று கத்தினால் அதே பாட்டைத் திரும்பப் பாட வேண்டும். விடிய விடிய இதுதான் தொழில். இரண்டு மணி நேரக் கச்சேரிக்கு இத்தனை வாட் ஸ்பீக்கர் என்று பெருமை பேசும் பையன்களிடம் இதைச் சொன்னால் நம்புவதில்லை.

எதிர்ப்பக்கம் எங்கள் ஊர் கே.பி. சுந்தராம்பாள். ரயிலில் பாடிப் பிழைத்த சிறுமி என்று சொல்வார்கள். இருவரும் முதலில் சேர்ந்து நடித்தது 1926இல் இலங்கையில். அந்த அம்மா குரலுக்கு முன்னால் உன் குரல் நிற்காது என்று கிட்டப்பாவைப் பயமுறுத்தியவர்கள் இருந்தார்களாம். நின்றது. இரண்டு குரலும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு மேலே போவதைக் கேட்கவே ஜனம் கூடியது. 1927இல் கல்யாணம். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி உண்டு, ஜாதியும் வேறு. பிறந்த குழந்தை தங்கவில்லை. சேர்ந்திருந்த நாட்களைவிடக் கடிதத்தில் சண்டை போட்ட நாட்கள் அதிகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கடிதங்கள் அச்சிலேயே வந்துவிட்டன. படித்தால் அடுத்தவர் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்த கூச்சம் வரும்.

குடி உடம்பைத் தின்றது. 1933இல் திருவாரூர் மேடையில் மயங்கி விழுந்தார். அதோடு நாடகம் முடிந்தது. சில வாரங்களில் ஆளும் இல்லை.

இருபத்தேழு என்ற எண்ணில் மர்மம் ஒன்றும் கிடையாது. 2011இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. பிரிட்டனில் முதலிடம் பிடித்த இசைத்தட்டுக்காரர்களின் வயதையெல்லாம் எடுத்துப் பார்த்ததில், இருபத்தேழில் தனியாக மரணம் கூடவில்லை. ஆனால் இருபதுகளிலும் முப்பதுகளிலும் அவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகவே சாகிறார்கள் என்று தெரிந்தது. பிஞ்சிலேயே புகழ், ராத்திரி வேலை, கையில் பணம், பக்கத்தில் பாட்டில். செங்கோட்டையானாலும் லண்டனானாலும் வழி அதுதான்.

அதே புகழில் இளமையில் சாகாமலே அழிந்தவர் பாடகர்-நடிகர் எம்.கே. தியாகராஜ பாகவதர். 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். ஆயுள் தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947இல் விடுதலை. ஜெயிலுக்குள் போனவர் சூப்பர் ஸ்டார். வெளியே வந்தவரை ஜனம் பார்த்தது, படத்தைப் பார்க்கவில்லை. 1959இல், ஐம்பது நிறையும் முன்பே போய்ச் சேர்ந்தார்.

ஆனாலும் என் கணக்கில் பெரிய கதை சுந்தராம்பாளுடையது. கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது 25. நகையைக் கழற்றினார், வெள்ளைக் கதர் கட்டினார், இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். சினிமாக்காரர்கள் விடவில்லை. 1935இல் ‘நந்தனார்’ படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் இந்தியாவில் யாரும் வாங்காத தொகை. அதிலும் அவர் போட்டது ஆண் வேஷம், நந்தனாராகவே. வேதியராக நடித்த மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர் அவர் காலில் விழும் காட்சிக்கு அப்போது பெரிய எதிர்ப்பு. பிறகு 1953இல் ‘ஔவையார்’, 1965இல் ‘திருவிளையாடல்’. நெற்றி நிறைய விபூதியோடு அவரைக் கிழவியாகவே தெரிந்துவைத்திருக்கிறோம். அந்தக் கிழவிக் கோலம் இருபத்தைந்து வயதிலேயே பூண்டது என்பது பலருக்கு உறைப்பதில்லை.

செத்தவன் படத்தை டீ-சர்ட்டில் போடுகிற பையன்கள், ஹென்ட்ரிக்ஸுக்கும் மோரிசனுக்கும் பின்னால் தங்கிப்போனவர்களைப் பற்றி ஒரு தடவைகூடப் பேசி நான் கேட்டதில்லை. சுந்தராம்பாள் 1980 வரை இருந்தார். கிட்டப்பா இல்லாமல் கிட்டத்தட்ட 47 வருஷம்.

இருவரும் பாடிய கிராமபோன் பிளேட்டுகள் இப்போது யூடியூபில் கிடைக்கின்றன. கிட்டப்பாவின் ‘எவரனி’யில் தொடங்குங்கள். ஊசி கீறும் இரைச்சல் இருக்கும். அதைப் பொறுத்துக்கொண்டு, ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள்.