கால் மணி நேரம் என்று வந்தவர்

"குடியை மறக்கடிக்க, தெரியாமல் காபியில் கலந்து கொடுக்க மருந்து இருக்கா?" என்று ஊரிலிருந்து கேட்கிறவர்களுக்கு நான் சொல்கிற கதை இது.

1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரம். வந்த வேலை ஊற்றிக்கொண்டு, ஓட்டல் வரவேற்பறையில் நிற்கிறார் நியூயார்க் பங்குத் தரகர் பில் வில்சன். குடியை விட்டு ஐந்து மாதம்தான். பாரிலிருந்து சிரிப்புச் சத்தம். சர்ச்சுகளின் பட்டியலைப் பார்த்துப் போன் போட ஆரம்பித்தார், பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் வேண்டுமென்று! தான் பிழைக்க அதுதான் வழி என்று அவருக்குப் பட்டிருக்கிறது. கைகாட்டப்பட்டவர் பாப் ஸ்மித், ஒரு சர்ஜன் (டாக்டருக்கே அந்தக் கதி). கால் மணி நேரம்தான் என்று வந்தவர் ஆறு மணி நேரம் பேசினார். ஜூன் 10, பாப் கடைசியாகக் குடித்த நாள். அதுவே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் பிறந்தநாள்.

இங்கே மும்பையில் நண்பருக்குத் துணையாக ஒரு திறந்த கூட்டத்தில் உட்கார்ந்தேன். கட்டணம் கிடையாது. முழுப்பெயர், வேலை எதுவும் கேட்கவில்லை. நம்மாட்களுக்கு மானம் போகும் என்கிற பயம்தானே பெரிசு? அவர் வரமாட்டேன் என்றாலும் வீட்டுக்காரம்மா போகலாம். பில்லின் மனைவி லோயிஸ் 1951-இல் தொடங்கிய அல்-அனான் குடும்பத்தாருக்குத்தான்.