பொகவந்தலாவைக் கல்லறையும் பழைய லென்ஸ்களும்

செகண்ட் ஹேண்ட் லென்ஸ் தேடுற நம்ம பொடியன்கள் மத்தியில் இப்ப ஹீலியொஸ் 44-க்கு ஒரு மவுசு இருக்கு. சோவியத் காலத்து லென்ஸ், 58 மில்லிமீற்றர், எஃப் 2. ஜெர்மனியின் ஸைஸ் பயோட்டாரைப் பார்த்துச் செய்தது. நடுவில் நிற்கிற முகம் கூர்மையா விழும், பின்னால இருக்கிற இலைதழை எல்லாம் சுழல் மாதிரி வளையும். பாடப்புத்தகத்தின்படி இது ஒரு குறை. அந்தக் குறைக்காகத்தான் ஆட்கள் காசு கொடுக்கிறாங்க.

இது புதுப் பைத்தியம் இல்லை. 1840-இல் ஜோசப் பெட்ஸ்வல் கணக்குப் போட்டு வடிவமைத்த முகப்பட லென்ஸிலும் இதே குணம்தான்: நடு கூர்மை, ஓரம் கலங்கல். அந்தக் காலத்தில் அது தந்த வெளிச்சம் பெரிய விஷயம் என்பதால் ஓரத்தைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. பரிஸில் ஜமின் என்பவர் செய்த லென்ஸ்களும் அந்த வழி வந்தவைதான். அப்படியொரு ஜமின் லென்ஸ் பொருத்திய மரக் கெமரா 1863 டிசம்பரில் இங்கிலாந்தில் 48 வயதுப் பெண் ஒருவருக்கு மகளும் மருமகனும் கொடுத்த பரிசாக வந்தது. அந்தப் பெண்தான் ஜூலியா மார்கிரட் கமரோன். அவருடைய கல்லறை நம்ம பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலய வளவில் இருக்கு. எத்தனை பேர் அதைத் தாண்டி பஸ்ஸில் போயிருப்போம்!

கமரோன் கல்கத்தாவில் 1815-இல் பிறந்தவர். டென்னிசன், டார்வின், வானியலாளர் ஹேர்ஷல் என்று பெரிய தலைகளையெல்லாம் உட்கார வைத்துப் படமெடுத்தார். அவர் படங்கள் கலங்கலாக இருக்குது, குவியம் சரியில்லை என்று அன்றைய புகைப்படச் சங்கத்துக்காரர்கள் நக்கலடித்தார்கள். அவரோ, குவிக்கும்போது கண்ணுக்கு அழகாகப் பட்ட இடத்தில் நிறுத்திவிட்டேன், மற்றவர்கள் மாதிரி மேலும் திருகிக் கூர்மையாக்கவில்லை என்று 1874-இல் எழுதிவைத்தார். அது பாதி உண்மையாக இருக்கலாம். மீதிப் பாதி லென்ஸ். அந்தக் கால லென்ஸ்கள் பலவற்றில் நீல ஒளியும் மஞ்சள் ஒளியும் ஒரே இடத்தில் குவியாது. நம்ம கண் மஞ்சளைப் பார்த்துக் குவிக்கும், ஆனால் ஈரக் கொலோடியன் பூசிய கண்ணாடித் தட்டுக்கு நீலமும் புற ஊதாவும் மட்டும்தான் தெரியும். கண்ணுக்குக் கூர்மையாகத் தெரிகிற இடம் ஒன்று, தட்டில் கூர்மை விழுகிற இடம் இன்னொன்று.

இதைச் சோதிக்க இன்றைக்கும் லேசான வழி இருக்கு. பழைய லென்ஸை முழுசாத் திறந்து வைத்து, வெள்ளை வானத்தை ஒட்டின லயத்துத் தகரக் கூரை விளிம்பை ஒரு படம் எடுத்துப் பாருங்க. விளிம்பில் ஊதாக் கோடு ஓடினால் அதே வியாதியின் மிச்சம்தான் அது.

அந்த அம்மா இங்க வந்ததற்குக் காரணம் கோப்பி. கணவர் சார்ள்ஸ் ஹே கமரோன் சட்ட வல்லுநர், இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் வாங்கிப் போட்டிருந்தார். 1869-இல் கோப்பி இலையில் நோய் விழுந்து, பத்து வருசத்துக்குள் பல தோட்டங்களைச் சாய்த்தது. 1875-இல் இரண்டு பேரும் இங்கிலாந்தை விட்டுக் கிளம்பினாங்க. சவப்பெட்டிகளையும் கையோடு கொண்டுவந்தாங்க என்பது எல்லாரும் சொல்கிற கதை. களுத்துறையில் குடியிருந்தபடி படமெடுத்தார்.

எப்படி எடுத்தார் என்று கொஞ்சம் யோசிங்க. கண்ணாடித் தட்டில் கொலோடியன் ஊற்றி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் முக்கி, காய்வதற்குள் எடுத்து, காய்வதற்குள் கழுவ வேண்டும். களுத்துறை வெக்கையில் தட்டு இன்னும் சீக்கிரம் காயும். கழுவ நல்ல தண்ணீர் நிறைய வேண்டும். எடுபடுபவர் நிமிசக் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். இலங்கையில் எடுத்தவற்றில் இன்று மிஞ்சியிருப்பது முப்பதுக்கும் குறைவு.

அந்தப் படங்களில் இருப்பவர்கள் யார்? தோட்டத்திலும் வீட்டிலும் வேலை செய்தவர்கள், பக்கத்துக் கிராமத்து ஆட்கள். இங்கிலாந்தில் எடுத்த படத்துக்கு டார்வின் என்று பேர் இருக்கு. இங்க எடுத்ததற்கு ‘களுத்துறைக் குடியானவர்கள்’ என்றுதான் தலைப்பு. 1877 வாக்கில் அங்க தங்கிப்போன ஓவியர் மரியான் நோர்த் ஒரு சம்பவத்தை எழுதியிருக்கிறார்: ஓர் ஆளின் முதுகு அவ்வளவு அழகாக இருக்குது என்று கமரோன் மயங்கி, அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி மகனிடம் அடம்பிடித்தாராம். வீட்டில் தோட்டமே கிடையாது. நோர்த் இதை வேடிக்கையாகத்தான் எழுதுகிறார். நமக்கு வேடிக்கையாகப் படவில்லை. முதுகு ஞாபகம் இருக்கு, ஆளின் பேர் இல்லை.

இன்னொன்றும் கவனிக்கணும். நீலம் மட்டும் தெரிகிற தட்டில் மண்ணிறத் தோல் உண்மையைவிடக் கறுப்பாக விழும். 19ஆம் நூற்றாண்டில் எடுத்த நம்ம ஆட்களின் படங்களைப் பார்த்து ‘அந்தக் காலத்தில் வெயிலில் காய்ந்து எவ்வளவு கறுத்திருக்காங்க’ என்று சொல்பவர்களுக்கு இதைச் சொல்லுங்க. பாதிக் கறுப்பு இரசாயனத்தினுடையது.

1879 ஜனவரி 26-இல் டிக்கோயாப் பக்கம் கிளென்கெய்ர்ன் தோட்டத்தில் ஜூலியா கமரோன் இறந்தார். அடுத்த வருசம் கணவரும் போய்ச் சேர்ந்தார். கோப்பி போன இடத்தில் தேயிலை ஏறியது.

மலைக்கு லென்ஸ் வாங்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. இங்க குறையைவிடப் பெரிய எதிரி பூஞ்சை. நுவரெலியா, அட்டன் குளிரிலும் ஈரத்திலும் தோல் உறையோட அலுமாரிக்குள் பூட்டி வைத்த லென்ஸுக்குள் சிலந்தி நூல் மாதிரிப் படரும். துவாரத்தை முழுசாத் திறந்து, பின்பக்கமிருந்து டோர்ச் அடித்துச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்க. நூல் தெரிந்தால் விடுங்க. துடைத்தாலும் பூச்சை அரித்த தழும்பு போகாது. ஓரத்தில் வானவில் நிறம் மின்னினால் ஒட்டிய கண்ணாடிகள் பிரியுது. துவார இதழில் எண்ணெய் இருந்தால் தானாக மூடுகிற லென்ஸில் ஆபத்து. ஹீலியொஸ் 44-2-இல் கையால் திருகுவதால் பயமில்லை. தூரக் குவியம் சரியா என்று பார்க்க விடியக்காலையில் சிவனொளிபாத மலை போதும். சீசன் காலமென்றால் இராத்திரியில் மஸ்கெலியாப் பக்கமிருந்து அந்தப் படிக்கட்டு லைட்டுகளை எடுங்க. ஓரத்து லைட்டுகள் புள்ளியாக இருக்கா, சிறகு முளைத்திருக்கா என்று தெரியும்.

கமரோனுக்குப் பிறகு லென்ஸ் நம்ம ஆட்கள் பக்கம் திரும்பியது பெரும்பாலும் இரண்டு காரணத்துக்கு. ஒன்று, கொழுந்துக் கூடையோட சிரிக்கிற தபாலட்டை. மற்றது அடையாளப் படம். 1948-இன் குடியுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 300,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. மிச்சம் 150,000 பேரை 1974-இல் சரிபாதியாகப் பங்குபோட்டாங்க. போனவர்களுக்குக் கடவுச்சீட்டு வேண்டும், கடவுச்சீட்டுக்கு முகம் வேண்டும். நேராப் பார்த்து, சிரிக்காமல், பின்னால வெள்ளைத் திரை. 1972-இலிருந்து தேசிய அடையாள அட்டை வந்தது, அது பிரஜைகளுக்கு மட்டும். 2003-இன் சட்டம் வரைக்கும் அந்தப் படத்தை எடுக்கக் காத்திருந்த குடும்பங்கள் இருந்தன.

நான் பார்த்த லயக்காம்பராக்கள் பலவற்றில் சுவரில் தொங்குகிற ஆகப் பழைய முகம் அப்படியொரு படத்தைப் பெரிதாக்கியதுதான். பாஸ்போர்ட் அளவை இழுத்துப் பெரிதாக்கியதில் கன்னமெல்லாம் கலங்கியிருக்கும். கீழே வெள்ளை எழுத்தில் பேர், தோட்டம், மறைந்த திகதி.