சீட்டு ஒட்டுறவருக்கு என்ன லாபம்? ஆர்.எஃப்.ஐ.டி. பற்றி ஒரு குறிப்பு

போன மாதம் திருப்பூர் போயிருந்தேன். அங்கே ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் செக்ஷனில் இருக்கும் சித்தப்பா பையன் ஒரு விஷயம் சொன்னான். அட்டைப்பெட்டிக்குள் 60 பீஸ் போட்டிருக்கிறார்கள். மெஷின் 59 என்கிறது. பிரித்து எண்ணினால் 60 சரியாக இருக்கிறது. விலைச்சீட்டுக்குள் இருக்கும் ஆர்.எஃப்.ஐ.டி. ஒன்று வேலை செய்யவில்லை, அவ்வளவுதான். "நாங்க கையில எண்ணுனது கணக்கில்லீங்ணா, மெஷின் சொல்றதுதான் கணக்கு" என்றான். ஒவ்வொரு சீட்டாகப் படித்து, கெட்டுப்போனதைக் கண்டுபிடித்து, மாற்றி ஒட்டிய பிறகுதான் பெட்டி லாரி ஏறும்.

இந்தச் சீட்டின் வரலாற்றைத் தேடிப் போனால், நாம் முதலில் நிற்க வேண்டிய இடம் துணிக்கடை இல்லை, அமெரிக்க ரயில்வே. அங்கே சரக்கு ரயில் என்றால் பல தனியார் கம்பெனிகள். ஒருத்தருடைய வேகன் இன்னொருத்தருடைய தண்டவாளத்தில் ஓடும். எந்த வேகன் எங்கே நிற்கிறது என்பதே பெரிய தலைவலி. இதற்காக சில்வேனியா நிறுவனத்தில் டேவிட் காலின்ஸ் உருவாக்கியதுதான் 'கார்ட்ராக்'. நீலம், சிவப்பு, வெள்ளை, கறுப்புப் பட்டைகள் கொண்ட சீட்டை வேகனின் பக்கவாட்டில் ஒட்டுவார்கள். பாதையோரக் கருவி ஒளி பாய்ச்சிப் படிக்கும். 1967இல் அமெரிக்க ரயில்வே சங்கம் இதைப் பொதுத் தரமாக ஏற்றது. பெரும்பாலான வேகன்களில் சீட்டும் ஒட்டியாகிவிட்டது. ஆனால் பத்தே வருடத்தில் கைவிட்டார்கள்.

காரணம் அழுக்கு என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். உண்மைதான், ஐந்தில் ஒரு சீட்டு படிக்க முடியாத நிலைக்கு வந்திருந்தது. ஆனால் அழுக்கைத் துடைத்தால் போகுமே, ஏன் யாரும் துடைக்கவில்லை? துடைக்க வேண்டியவர் வேகனின் சொந்தக்காரர். அதைப் படித்துப் பலன் அடைபவர் பல நேரம் வேறொரு கம்பெனி. அடுத்தவன் கணக்கு சரியாக இருக்க நான் ஏன் ஆள் போட்டுத் துடைக்கணும்?

ஒளிக்குப் பதில் ரேடியோ அலை வந்தது அடுத்த கட்டம். சின்ன வயதில் கண்ணாடித் துண்டை வெயிலில் ஆட்டி எதிர்வீட்டுச் சுவரில் வெளிச்சம் காட்டியிருப்போம் இல்லையா? கண்ணாடிக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, ஆட்டுவதில்தான் சேதி. பேட்டரி இல்லாத ஆர்.எஃப்.ஐ.டி. சீட்டும் அப்படித்தான், படிக்கும் கருவி அனுப்பும் அலையையே மாற்றித் திருப்பி அனுப்புகிறது. ஹாரி ஸ்டாக்மன் 1948லேயே இந்த யோசனையைக் கட்டுரையாக எழுதிவிட்டார். 1970களில் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் மாடுகளை அடையாளம் காண இதே முறையில் கருவி செய்தார்கள். அங்கிருந்து வெளியே வந்தவர்கள் தொடங்கிய ஆம்டெக் நிறுவனத்தின் சீட்டுதான் பிறகு ரயில்வேக்குப் போனது. 1990களின் நடுவில் வட அமெரிக்காவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வேகன்களில், இரண்டு பக்கமும் ஒன்றாக, ஒட்டி முடித்தார்கள். ரேடியோ அலைக்கு அழுக்கு ஒரு பொருட்டே இல்லை. அதைவிட முக்கியம், துடைக்கும் வேலையே யார் தலையிலும் விழவில்லை.

இந்தப் பாடம் கடைக்காரர்களுக்குப் போய்ச் சேரவில்லை என்றே நினைக்கிறேன். 2003 ஜூனில் வால்மார்ட், தன் முதல் 100 சப்ளையர்கள் 2005 ஜனவரிக்குள் பெட்டிகளிலும் பேலட்டுகளிலும் ஆர்.எஃப்.ஐ.டி. ஒட்ட வேண்டும் என்றது. தண்ணீர் இந்த அலையை உறிஞ்சிவிடும், உலோகம் திருப்பிவிடும். ஷாம்பு பாட்டிலும் டின்னும் நிறைந்த பெட்டிகளை எப்படிப் படிப்பது? போதாக்குறைக்குச் செலவு சப்ளையருக்கு, இருப்புக் கணக்கு கடைக்கு. பலர் லாரி கிளம்பும் கடைசி நிமிடத்தில் பேருக்கு ஒட்டி அனுப்பினார்கள். தங்கள் சொந்தக் கிடங்கில் அதை யாரும் பயன்படுத்தவில்லை. வேகத்தோடு தொடங்கிய திட்டம் மெல்ல அடங்கியது.

2010இல் அதே வால்மார்ட் ஜீன்ஸ், உள்ளாடை பக்கம் திரும்பியது. துணியில் தண்ணீரும் இல்லை, உலோகமும் அதிகமில்லை. ஆறு சைஸ், ஐந்து கலர் என்றால் ஒரே டிசைனில் 30 வகை; கையால் எண்ணி மாளாது. ஆர்.எஃப்.ஐ.டி. நிலைத்து நின்றது இங்கேதான். கடைக்கு வந்த பிறகு ஒட்டுவதைவிடத் தைக்கும் இடத்திலேயே ஒட்டுவது சுலபம். ஆக வேலை திருப்பூர் மாதிரி ஊர்களுக்கு வந்து சேர்ந்தது.

ரயில்வேயில் கேட்ட கேள்வியை இங்கேயும் கேட்கலாம். பெட்டியைப் பிரிக்காமல் எண்ண முடிவது பேக்கிங் செக்ஷனுக்கும் லாபம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் சீட்டு கெட்டால் பிரித்து அடுக்கும் நேரம் யார் கணக்கில்? தம்பியிடம் கேட்டேன். "சீட்டுக் காசு ரேட்டுல சேந்துருமுங்ணா" என்றான். நேரம்? சிரித்தான். அன்றைக்கு அவன் வீடு வந்து சேர மணி பத்தரை.