எந்தக் கிளையைப் பிடிப்பது?

கணினி வாங்கிக் கொடுத்த பிள்ளைகள் வெளியூர் போய்விட்டார்கள். திரை "அப்டேட் செய்யவா?" என்று கேட்கும்போது கையைப் பிசையும் நண்பர்கள் நம் புத்தூரில் நிறையப் பேர். அவர்களுக்காக ஒரு பழைய கதை.

1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் என்ற அமெரிக்க மாணவர் ஒரு லினக்ஸ் தொகுப்பைத் தொடங்கினார். காதலி டெப்ராவின் பெயரோடு தன் பெயரையும் சேர்த்து டெபியன் என்று அதற்குப் பெயர் வைத்தார். அதில் மூன்று கிளைகள் உண்டு. புதுச் சரக்கு முதலில் அன்ஸ்டேபிளில் இறங்கும். சில நாள் பெரிய கோளாறு இல்லாமல் ஓடினால் டெஸ்டிங்குக்குப் போகும். டெஸ்டிங்கைப் பிறகு நிறுத்திவைத்து, பழுது நீக்கி, ஸ்டேபிள் என்று வெளியிடுவார்கள். முக்கொம்பில் வெள்ளத்தைக் கொள்ளிடம் வாங்கிக்கொள்ள, காவிரியில் அளந்து விடுகிற மாதிரிதான்.

பதிப்புகளின் பெயரெல்லாம் 'டாய் ஸ்டோரி' படத்துப் பொம்மைகள். பொம்மையை உடைக்கிற பையன் 'சிட்' பெயர் அன்ஸ்டேபிளுக்கு!

2002 ஜூலையில் 'வூடி' என்ற ஸ்டேபிள் வந்தது. நம்மைப் போன்ற தமிழர்களுக்கு அதில் ஒரு சங்கடம். யூனிகோடு தமிழைக் கொம்பும் காலும் சரியான இடத்தில் விழும்படி காட்டுகிற 'பாங்கோ' வசதி கொண்ட க்னோம் 2.0 அதற்கு ஒரு மாதம் முன்புதான், ஜூனில், வெளியாகியிருந்தது. வூடியில் இருந்ததோ பழைய க்னோம் 1.4. அடுத்த ஸ்டேபிளான 'சார்ஜ்' வர 2005 ஜூன் 6 ஆகிவிட்டது. கிட்டத்தட்ட மூன்று வருடம்! தமிழ் வேண்டுமென்றால் டெஸ்டிங்குக்குப் போக வேண்டும். ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் ஸ்டேபிளுக்கு வருகிற வேகத்தில் அதற்கு வராது.

அப்போது நான் எங்கள் அலுவலகச் சிக்கன நாணயச் சங்கத்தின் கணக்கையும் பார்த்துக்கொண்டிருந்தேன். உறுப்பினர்களின் சேமிப்பும் கடனும் அதில். கடைநிலை ஊழியர்கள் பலருக்குத் தமிழில் நோட்டீஸ் அடித்தால்தான் தவணைக் கணக்கு புரியும். "டெஸ்டிங்கே போடுங்க சார், எல்லாம் புதுசு" என்றார் ஓர் இளைஞர். "கணக்குல கை வைக்காதீங்க" என்றார் பொருளாளர். இருவர் சொன்னதும் நியாயம். கணக்குக் கணினியில் வூடி, நோட்டீஸ் அடிக்கிற பழைய கணினியில் டெஸ்டிங் என்று பிரித்தோம். இரண்டாவதற்குத் தொலைபேசி இணைப்பே கொடுக்கவில்லை.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. எந்தக் கிளையைத் தொடர்வது என்பதை டெபியனில் ஒரு சிறு கோப்பில் எழுதுகிறோம். அங்கே 'ஸ்டேபிள்' என்று எழுதினால், புதுப் பதிப்பு வெளியான பிறகு செய்யும் அப்டேட்டில் கணினி அதற்குத் தாவப் பார்க்கும். 'வூடி' என்று பெயரை எழுதினால் நாம் மாற்றும்வரை அங்கேயே நிற்கும். நாங்கள் பெயரைத்தான் எழுதியிருந்தோம். 2005 ஜூனில் மார்ச் கணக்கின் தணிக்கை நடந்துகொண்டிருந்தது. வூடிக்கான திருத்தங்கள் 2006 ஜூன் வரை வந்ததால், தணிக்கை முடிந்த பிறகு நிதானமாக மாறினோம். ஒரு ரூபாய்கூட முன்னே பின்னே ஆகவில்லை. சார்ஜில் தமிழும் வந்திருந்தது.

2007-ல் சென்னை சி-டாக் நிறுவனம் வெளியிட்ட 'பாஸ்' லினக்ஸும் டெபியன் அடித்தளத்தில் கட்டியதுதான். அடுத்தடுத்த பாஸ் பதிப்புகளும் ஸ்டேபிளின் பின்னாலேயே வந்தன.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் நின்றது. பழைய கணினியில் லினக்ஸ் போட நினைப்பவர்கள், பென்ஷன் கணக்கும் பேங்க் வேலையும் பார்ப்பதாக இருந்தால் ஸ்டேபிளையே பிடியுங்கள். கோப்பில் பதிப்பின் பெயரை எழுதுங்கள். அதற்கான திருத்தங்கள் நிற்கும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். புதுசைப் பார்க்கும் ஆசை இருந்தால், பரணில் கிடக்கும் இன்னொரு கணினியில் பேரனை விட்டு டெஸ்டிங் போட்டுப் பாருங்கள்.